ஓவேலியின் 'ஓ' யார்?

ஊட்டியில் காந்தலை ஒட்டிய பிங்கர்போஸ்டில் கூடலூர் பஸ் ஏறினால், பைக்காரா தாண்டி நடுவட்டத்தில் மலை சட்டென்று முடிந்து செங்குத்தாக இறங்கும். அந்தச் சுவரின் அடியில், கூடலூருக்குத் தெற்கே இருக்கிறது ஓவேலி. பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டு ஏதோ முள்வேலி சமாச்சாரம் என்று நினைத்தால், இல்லை. ஆக்டர்லோனி வேலி (ஆங்கிலத்தில் வேலி என்றால் பள்ளத்தாக்கு) நம் வாயில் தேய்ந்து ஓவேலி ஆகிவிட்டது. அண்ணன் தம்பி இருவரின் குடும்பப் பெயர் அது.

ஜான் ஆக்டர்லோனி, மெட்ராஸ் இன்ஜினியர்ஸ் படைப்பிரிவின் அதிகாரி. சீனாவுடன் நடந்த முதல் அபினிப் போரைப் பற்றி 1844-இல் புத்தகம் எழுதியவர். 1847-இல் கேப்டனாக நீலகிரியை அளந்தார். அதே ஆண்டு நோய் விடுப்பில் ஊட்டிக்கு வந்த இன்னொரு ராணுவ அதிகாரி ரிச்சர்ட் பர்ட்டன், பொழுது போகாமல் ஊரைக் கிண்டலடித்துப் பின்னால் ஒரு நூலே எழுதினார். ஆக்டர்லோனிக்கு அந்தக் கவலை இல்லை. மலையை அளந்ததோடு தலைகளையும் எண்ணினார். தோடர்கள் 337 பேர் என்றது அவர் கணக்கு. எண்ண வந்த துரையின் முன் எல்லாத் தோடரும் வந்து நின்றிருப்பார்களா என்பது வேறு விஷயம்.

மலையை அளந்தவர் அண்ணன் தம்பிகளில் ஒருவர். மண்ணைப் பிடித்தவர் மற்றவர். நீதிபதியாக இருந்த ஜேம்ஸ் ஆக்டர்லோனி, 1840-களின் நடுவில் இந்தப் பள்ளத்தாக்கில் காப்பி பயிரிடத் தொடங்கினார். நிலத்தின் ஜன்மி உரிமையோ (பரம்பரை நில உடைமை) நிலம்பூர் திருமுல்பாடிடம் இருந்தது.

காட்டை வெட்டியது மேஸ்திரிகள் கூட்டி வந்த கூலியாட்கள். மலைக் காய்ச்சல் அவர்களையும் விடவில்லை, துரைகளையும் விடவில்லை. பிறகு இலைத் துரு நோய் காப்பியைத் தின்றது, தேயிலை வந்தது. மலபாரைச் சேர்ந்திருந்த பள்ளத்தாக்கு 1873-இல் நீலகிரியோடு இணைந்தது.

ஜன்மி உரிமை மட்டும் சாகவில்லை. 1969-இல் தமிழக அரசு கூடலூர் ஜன்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் கொண்டுவர, அதை எதிர்த்து பால்மாடிஸ் தோட்டக் கம்பெனி உச்ச நீதிமன்றம் போனது. 1972-இல் சட்டத்தின் பெரும்பகுதி நிலைத்தது. காடுகளை அரசு எடுத்துக்கொள்ளும் பகுதி அடிபட்டது. 1974-இல் அந்தச் சட்டத்தை அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணைக்குள், நீதிமன்றம் தொடாதபடி வைத்துப் பூட்டினார்கள். அதைக் கேள்வி கேட்ட கொயலோ வழக்கில்தான், 2007-இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, 1973 ஏப்ரல் 24-க்குப் பின் அந்த அட்டவணையில் சேர்ந்த எந்தச் சட்டத்தையும் நீதிமன்றம் பரிசீலிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. சட்டக் கல்லூரி மாணவர்கள் மனப்பாடம் செய்யும் அந்தத் தீர்ப்பின் வேர் இருப்பது கூடலூர் மண்ணில்.

ஜன்ம ஒழிப்புச் சட்டத்தின், தோட்டக் குத்தகைகளைப் பற்றிய 17-ஆம் பிரிவில் சிக்கிய நிலங்களில் இன்றும் குடும்பங்கள் இருக்கின்றன. பட்டாவுக்கும் கரண்ட் கனெக்ஷனுக்கும் மனு எழுதிக்கொண்டு.