பழைய வேன் வாங்கப் போறீங்களா? உஷார்... உஷார்!

கையில் இருப்பது 1½ லட்சம்; கண்ணைத் திறந்து பார்த்தால் பிழைப்பு, மூடிக்கொண்டால் கடன்!

"சிங்கிள் ஓனர் சார். டாக்டர் வண்டி. ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போறதோட சரி. 62 ஆயிரம்தான் ஓடியிருக்கு. என்ஜின் கண்ணாடி மாதிரி!"

சென்னையில் பழைய வேன் தேடி அலைந்தவர்கள் இந்த வசனத்தைக் கேட்காமல் வீடு திரும்பியதே இல்லை. அந்த டாக்டர் யார் என்பது மட்டும் இன்று வரை யாருக்கும் தெரியாது!

இட்லி மாவு அரைத்துக் கடைக்குக் கடை போடுகிறவர், கோயம்பேட்டில் காய் எடுத்து ஏரியாவில் விற்கிறவர், தண்ணீர் கேன் போடுகிறவர், சின்னதாக சமையல் காண்டிராக்ட் எடுக்கிறவர். இவர்கள்தான் பழைய வேனுக்கு அலைகிறார்கள். தினமும் வாடகை வண்டிக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. புது வண்டி வாங்க வசதி இல்லை. சீட்டு எடுத்த பணம், மனைவியின் வளையலை அடகு வைத்த பணம் என்று சேர்த்துக்கொண்டு வருகிறார்கள்.

வாங்கிய வேன் 10 நாள் மெக்கானிக் ஷெட்டில் நின்றால் என்ன ஆகும்? வியாபாரம் நிற்கும். வட்டி மட்டும் நிற்காது!

எனவே, பணத்தை நீட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை என்னென்ன? இதோ விவரம்:-

எந்த வண்டி?

குறைந்த பணத்தில் கிடைப்பவை பெரும்பாலும் 3 ரகம்.

முதலாவது ஆம்னி. 1984-ல் "மாருதி வேன்" என்று வந்து, பிறகு ஆம்னி ஆனது. சினிமாவில் கதாநாயகியைக் கடத்த வில்லன் கொண்டு வருவாரே, அதேதான்! 796 சி.சி., 3 சிலிண்டர் பெட்ரோல் என்ஜின். 2019-ல் உற்பத்தி நின்றுவிட்டது. ஆகவே இன்று கிடைக்கும் எந்த ஆம்னியும் பழசுதான். ஆனால் எந்தத் தெரு மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவார்.

இரண்டாவது ஈக்கோ. 2010-ல் வந்தது. 1.2 லிட்டர், 4 சிலிண்டர். இழுவை அதிகம், விலையும் அதிகம்.

மூன்றாவது "குட்டி யானை" என்று ஊரே செல்லமாகக் கூப்பிடும் டாடா ஏஸ். 2005-ல் வந்தது. முதலில் வந்தவை 2 சிலிண்டர் டீசல். மூடிய வேன் அல்ல, சின்ன லாரி. சரக்கு அடிக்க மட்டும் என்றால் இதையும் பார்க்கலாம்.

போர்டு நிறத்தைக் கவனியுங்கள். வெள்ளை போர்டு சொந்த உபயோகத்துக்கு. அதில் வாடகைக்கு ஆள் ஏற்றினாலோ சரக்கு ஏற்றினாலோ சட்டப்படி தப்பு. விபத்து நடந்துவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கக் கூடும். வாடகைத் தொழில் செய்ய மஞ்சள் போர்டுதான் சரி.

"மஞ்சள் போர்டுன்னா தனி லைசென்ஸ் வேணுமே" என்று பயப்பட வேண்டாம். மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டிகளை, சாதாரண லைட் மோட்டார் லைசென்ஸ் உள்ளவர்களே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் பெஞ்ச் தீர்ப்பு சொல்லியிருக்கிறது.

மீட்டரா... மேஜிக்கா?

மீட்டரை நம்பாதீர்கள். கணக்கை நம்புங்கள்.

சரக்கு அடிக்கும் வேன் நாளொன்றுக்கு 80 கிலோ மீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 25 நாள் என்றால் வருஷத்துக்கு 24 ஆயிரம். 10 வருஷத்துக்கு 2 லட்சத்து 40 ஆயிரம். இப்படிப்பட்ட வேனில் மீட்டர் 62 ஆயிரம் காட்டினால், அந்த வண்டி நாளைக்கு 21 கிலோ மீட்டர்கூட முழுசாக ஓடவில்லை என்று அர்த்தம். நம்பும்படியாக இருக்கிறதா?

பழைய முள் மீட்டர்களைத் திருப்பி வைப்பது ஒரு கலை. டிஜிட்டல் மீட்டர் வந்ததும் அந்தக் கலை ஒழிந்துவிட்டது என்று நினைத்தால் ஏமாற்றம்தான். ஸ்குரூ டிரைவரின் வேலையை இப்போது லேப்டாப் செய்கிறது! சில பழைய வண்டிகளில் மீட்டரில் 5 இலக்கம்தான். 99,999-ஐத் தாண்டினால் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். யாரும் கை வைக்காமலே மீட்டர் பொய் சொல்லும்.

பொய் சொல்லாத சாட்சிகள் வேறு உண்டு. கிளட்ச், பிரேக் பெடல் ரப்பர்களைப் பாருங்கள். தேய்ந்து வழுவழு என்று இருக்கிறதா? ஸ்டீயரிங் பளபளக்கிறதா? டிரைவர் சீட் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறதா? இவை "62 ஆயிரம்" ஓடிய வண்டியின் லட்சணம் அல்ல. பழைய வண்டியில் பெடல் ரப்பர் மட்டும் புத்தம் புதுசாக இருந்தால் அதுவும் சந்தேகத்துக்குரியதே. கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்ட வண்டி என்றால், ஒவ்வொரு தடவையும் கிலோ மீட்டர் பதிவாகியிருக்கும். அந்த பில்களைக் கேளுங்கள்.

ஒரு சங்கதி. அதிகம் ஓடியது என்பதற்காகவே ஒரு வண்டியைத் தள்ளிவிட வேண்டியதில்லை. நேரத்துக்கு ஆயில் மாற்றி, தினமும் ஓடி, 2 லட்சம் தாண்டிய வண்டி, 3 வருஷம் மரத்தடியில் நின்ற 50 ஆயிரம் வண்டியை விட மேல். நின்ற வண்டியில் ரப்பர் வெடிக்கும், பிரேக் பிடித்துக்கொள்ளும், டாங்கில் துரு கட்டும், வயரை எலி கடிக்கும். "2 லட்சம் ஓடியிருக்கு சார்" என்று உண்மையைச் சொல்கிறவரிடம் உட்கார்ந்து பேரம் பேசலாம்.

காலையில் போங்க, சொல்லாமப் போங்க!

வண்டி பார்க்க விடியற்காலையில் போவதே புத்திசாலித்தனம். சூடான என்ஜின் எல்லா நோயையும் மறைத்துவிடும். ஆம்னியில் என்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. சீட்டைத் தூக்கி, ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்பே கை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன் யாரோ ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பிறகு ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, சைலன்சர் பக்கம் நின்று புகையைப் பாருங்கள்.

நீலப் புகை: என்ஜின் ஆயில் குடிக்கிறது. ரிங், வால்வு சீல் தேய்ந்திருக்கும். பெரிய செலவு.

விடாமல் வரும் வெள்ளைப் புகை: பெட்ரோல் வண்டியில் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கசிகிறது. ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். (குளிரில் முதல் 2 நிமிடம் வரும் ஆவிக்குப் பயப்பட வேண்டாம்.)

கரும் புகை: எரிபொருள் சரியாக எரியவில்லை. டீசல் வண்டி என்றால் இன்ஜெக்டர், பம்ப் பார்க்க வேண்டும்.

என்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். புஸ் புஸ் என்று புகை அடித்தால் என்ஜின் வேலை கையைக் கடிக்கும். மூடியின் அடியில் காபி நிறத்தில் நுரை ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். ஏ.சி.யை அணைத்து 20 நிமிடம் ஓட விடுங்கள். சூடு முள் நடுவில் நிற்க வேண்டும். சிவப்புக்கு ஏறினால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது ரேடியோவை நிறுத்துங்கள். "பாட்டு நல்லா கேக்கும் சார்" என்று வால்யூமை ஏற்றுகிறவர், வேறு எந்தச் சத்தத்தை மறைக்கிறார்? பாலத்தில் 2-வது கியரில் ஏற்றுங்கள். சத்தம் மட்டும் ஏறி வண்டி ஏறவில்லை என்றால் கிளட்ச் பிளேட் அவுட். நேர் ரோட்டில் ஸ்டீயரிங்கை லேசாக விட்டால் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பாருங்கள்.

என்ஜினை மாற்றலாம், பாடியை?

இதுதான் முக்கியம். புதுப்பேட்டைக்குப் போனால் பழைய என்ஜின், கியர் பாக்ஸ், கதவு, எல்லாம் கிடைக்கும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புது ஸ்பேர் கிடைக்கும். ஆனால் துருப்பிடித்த அடிப்பகுதிக்கு எந்தக் கடையிலும் மருந்து கிடையாது.

சென்னையோ கடற்கரை ஊர். உப்புக் காற்று. அதிலும் மீன் ஏற்றிய வண்டி என்றால் ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் தரை முழுக்க ஊறி இறங்கியிருக்கும். மேலே புது பெயிண்ட் மினுமினுக்கும். கீழே அப்பளம்!

பாயைத் தூக்குங்கள். ஸ்பேர் டயர் இருக்கும் இடம், தள்ளு கதவு ஓடும் தண்டவாளம், சக்கரத்துக்கு மேல் உள்ள வளைவு, பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் மாட்டியிருக்கும் இடம், இவற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். சின்ன காந்தம் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தகடு உள்ள இடத்தில் ஒட்டும். பட்டி பூசி மறைத்த இடத்தில் ஒட்டாது. 10 ரூபாய் காந்தம் 10 ஆயிரத்தைக் காப்பாற்றும்.

வெள்ளத்தில் குளித்த வண்டிகள்

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிச்சாங் புயல் மழையிலும் சென்னையிலும் புறநகரிலும் ஏராளமான வண்டிகள் தண்ணீரில் மூழ்கின. அப்படி மூழ்கியவை துடைத்து, சென்ட் அடித்து விற்பனைக்கு வருவது உண்டு. சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட்டுகளில் துரு, பியூஸ் பெட்டியில் காய்ந்த சேறு, ஹெட்லைட் கண்ணாடிக்குள் தண்ணீர்க் கறை, கதவை மூடி 5 நிமிடம் உட்கார்ந்தால் பாசி வாடை... இவைதான் அடையாளம். இந்த வண்டியில் வயரிங் கோளாறு ஒன்று போனால் ஒன்று வரும்.

காகிதம்தான் உயிர்

ஆர்.சி.யில் உள்ள என்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் இரண்டையும் வண்டியில் உள்ளதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பாருங்கள். சேசிஸ் நம்பரைச் சுற்றி வெல்டிங் வைத்த தடம், சுரண்டிய தடம் இருந்தால் ஒரு பேச்சும் வேண்டாம்.

வண்டி நம்பரைக் கொண்டு "எம்-பரிவாகன்" செயலியில் பார்த்தால் எத்தனையாவது ஓனர், இன்சூரன்ஸ், எப்.சி. எது வரை, கடன் இருக்கிறதா என்பது தெரியும். போலீஸ் அபராத பாக்கி இருக்கிறதா என்பதையும் இ-சலான் தளத்தில் பார்த்துவிடுங்கள். பைனான்ஸ் வண்டி என்றால், கடன் தீர்ந்த கடிதமும் பாரம் 35-ம் கைக்கு வந்த பிறகே முழுப் பணம்.

வெள்ளை போர்டு வண்டிக்குப் பதிவு 15 வருஷம். அதன்பின் 5 வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5 ஆயிரமானது. 20 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 2025-ல் 10 ஆயிரமாக ஏறியது. பசுமை வரி தனி. மஞ்சள் போர்டு வண்டிக்கு 8 வருஷம் வரை 2 வருஷத்துக்கு ஒரு முறை எப்.சி.; அதற்கு மேல் வருஷா வருஷம். "எப்.சி. முடியப் போகுது, அதான் மலிவு" என்றால் அந்தச் செலவு உங்கள் தலையில்!

வெளிமாநில வண்டி மலிவாக வந்தால், இங்கே கட்ட வேண்டிய வரியையும் கூட்டிப் பார்த்துவிட்டு சந்தோஷப்படுங்கள்.

விற்றவரும் தப்ப முடியாது!

"ஓபன் டிரான்ஸ்பர்" என்று ஒரு வழக்கம். பாரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பெயர் மாற்றாமலே வண்டி கை மாறிக்கொண்டே போகும். இதில்தான் குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன.

ஒரு வழக்கைப் பாருங்கள். கார் ஒன்று ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு என்று பல கை மாறியது. ஆர்.சி.யில் மட்டும் முதல் ஓனர் பெயரே இருந்தது. 2009-ல் அந்தக் கார் மோதி ஒரு உயிர் போனது. நஷ்டஈடு யார் கொடுப்பது? ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி ஓனர், அவரே பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வண்டியை விற்று வருஷக்கணக்கான பிறகும் அவர் தலை தப்பவில்லை!

வாங்குகிறவருக்கும் ஆபத்துதான். பெயர் மாறாவிட்டால் வண்டி சட்டப்படி உங்களுடையது அல்ல. உங்கள் பணம், அவர் வண்டி!

மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பாரம் 29, பாரம் 30 இரண்டும் இதற்குத்தான். இன்சூரன்ஸ் பெயர் மாற்றத்துக்கு 14 நாள் கெடு. பழைய வண்டி டீலர்களும் பதிவுச் சான்று பெற வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. டீலரிடம் வாங்கினால் அந்தச் சான்றைக் கேளுங்கள்.

எல்லாப் பணத்தையும் வண்டியில் போடாதீங்க

கையில் 1½ லட்சம் இருந்தால் 1½ லட்சத்துக்கு வண்டி பார்க்கக் கூடாது. 1 லட்சத்து 10 ஆயிரத்துக்குள் பாருங்கள். மிச்சம் 40 ஆயிரத்தைத் தனியே வையுங்கள். டயர், பேட்டரி, பிரேக், ஆயில், இன்சூரன்ஸ், பெயர் மாற்றம் என்று முதல் மாதமே அது கரைந்துவிடும். டயரின் பக்கவாட்டில் 4 இலக்கம் இருக்கும். "2319" என்றால் 2019-ம் வருஷம் 23-வது வாரம் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் வயதான டயர் வெயிலில் வெடிக்கும்.

வண்டி பார்க்கப் போகும்போது உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். புரோக்கர் காட்டும் மெக்கானிக் புரோக்கரின் மெக்கானிக்! நம்மவருக்கு அரை நாள் கூலி கொடுப்பது செலவல்ல, இன்சூரன்ஸ்.

"இன்னொரு பார்ட்டி பணத்தோட வந்துகிட்டிருக்காரு, இப்பவே அட்வான்ஸ் கொடுத்தா உங்களுக்கு" என்று அவசரப்படுத்தினால், "வர்றவருக்கே கொடுத்துடுங்க அண்ணே" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறுங்கள். சென்னையில் பழைய வேனுக்குப் பஞ்சமில்லை. அடகுக் கடையில் இருக்கும் வளையலை மீட்கத்தான் வருஷக்கணக்காகும்!