தேயும் பற்கள்: காரணமும் பரிகாரமும்

மனித உடலில் மிகக் கடினமான பொருள் எலும்பு அன்று. பல்லின் மேற்பரப்பைப் போர்த்தியிருக்கும் எனாமலே ஆகும். அதன் எடையில் நூற்றுக்கு 96 பங்கு கனிமப் பொருள். இத்துணைக் கடினமான பொருளுக்கு ஒரு பெருங்குறை உண்டு. எலும்பு முறிந்தால் கூடும். தோல் கிழிந்தால் மூடும். எனாமல் தேய்ந்தால் மீண்டும் வளராது. அதனை உருவாக்கும் உயிரணுக்கள், பல் ஈறைத் துளைத்துக்கொண்டு வெளிவரும்பொழுதே தம் பணி முடிந்து மறைந்துவிடுகின்றன. ஆகவே, பத்து வயதுச் சிறுமி இன்று இழக்கும் எனாமல் அவளுடைய அறுபதாவது வயதிலும் இழப்பாகவே இருக்கும்.

துக்காராம் சுவாமிகளின் ஊராகிய தேஹுவின் பெயரைத் தாங்கி, மும்பை–புணே இருப்புப் பாதையில் அமைந்திருப்பது தேஹு ரோடு. ராணுவக் குடியிருப்பும் வெடிமருந்துக் கிடங்கும் உள்ள ஊர். 1954ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் டாக்டர் அம்பேத்கர் புத்தர் சிலையை நிறுவிய ஊர். மராத்தியரோடு தமிழ்க் குடும்பங்களும் இங்கு வாழ்கின்றன. இந்த ஊரை உள்ளடக்கிய புணே மாவட்டத்திலும் மகாராஷ்டிரத்தின் பிற பகுதிகளிலும், பல்லைத் தேய்ப்பதற்கு நெடுங்காலமாக வழங்கிவரும் பொருள் ஒன்றைக் களப்பணியாளரும் ஆசிரியரும் நன்கு அறிந்திருத்தல் வேண்டும். அதன் பெயர் ‘மிஷ்ரி’. வட இந்தியாவில் இச்சொல் கற்கண்டைக் குறிக்கும். இங்கோ அது கருக்கிய புகையிலை.

புகையிலையைச் சூடான இரும்புத் தட்டின்மேல் இட்டு, கருமை நிறம் அடையும்வரை வறுத்துப் பொடி செய்தால் மிஷ்ரி கிடைக்கும். இதனை விரலால் தொட்டுப் பல்லிலும் ஈறிலும் தேய்ப்பர். காலையில் ஒருமுறை என்று தொடங்கும் பழக்கம் நாளடைவில் நாளுக்குப் பலமுறையாகிறது. பெண்களிடம் இது மிகுதி. பீடி பிடிப்பதைப் பழிக்கும் குடும்பங்களில்கூட, பல் துலக்குவது என்ற போர்வையில் இது தடையின்றி நுழைந்துவிடுகிறது. பல்வலிக்கு மருந்து என்று மூத்த பெண்டிர் இளையவர்க்குக் கொடுப்பதும் உண்டு.

இப்பழக்கத்தின் சூழற்சியே கவனித்தற்குரியது. கரிந்த துகள்களை ஈறோரத்தில் ஓயாது உரசும்பொழுது பல்லின் கழுத்துப் பகுதி தேய்கிறது. அவ்விடத்தில் எனாமல் மிக மெல்லியது. அது நீங்கியவுடன் அடியிலுள்ள டென்டீன் வெளிப்படும். டென்டீனில் நுண்ணிய குழாய்கள் உண்டு. குளிர்ந்த நீரோ புளிப்போ பட்டவுடன் அக்குழாய்களிலுள்ள திரவம் அசைந்து நரம்பைத் தூண்டுவதால் கூச்சம் உண்டாகிறது. கூச்சம் எடுத்தவர் அதனைத் தணிக்க மறுபடியும் மிஷ்ரியையே நாடுகிறார். புகையிலையின் நிகோடின் சற்றே மரத்த உணர்வைத் தருகிறது. உரசலோ தேய்மானத்தை மேலும் ஆழப்படுத்துகிறது. நோயைத் தந்த பொருளே மருந்தாகக் கருதப்படும் இந்நிலையில், ‘விட்டுவிடுங்கள்’ என்ற வெறும் உபதேசம் பயன் தருவதில்லை.

பல் தேய்வதோடு தீங்கு முடிவதுமில்லை. 1960களில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பல் ஆராய்ச்சியாளர்கள் புணே மாவட்டக் கிராமங்களில் 1,01,761 பேரின் வாயைப் பரிசோதித்தனர். வாய்ப் புற்றுநோயையும் அதற்கு முன்னோடியான மாற்றங்களையும் பற்றிய அவ்வாய்வு 1972இல் வெளியாயிற்று. புகையிலைக்கும் அந்நோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டிய இந்திய ஆய்வுகளில் இது முக்கியமானது. பற்பசையிலும் பற்பொடியிலும் புகையிலை சேர்ப்பதை மத்திய அரசு 1992இல் தடை செய்தது. ஆயினும் வீட்டு அடுப்பில் வறுக்கும் பொடியைச் சட்டம் எவ்வாறு எட்டும்?

பல் தேய்வது இக்காலத்து நோய் என்று எண்ணுவது பொருந்தாது. இதே புணே மாவட்டத்தில், கோட் ஆற்றங்கரையிலுள்ள இனாம்காவில், டெக்கான் கல்லூரியினர் 1968 முதல் 1983 வரை அகழ்வாய்வு நடத்தினர். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கு வாழ்ந்த உழவர்களின் எலும்பும் பல்லும் கிடைத்து ஆராயப்பட்டன. கல்லில் அரைத்த தானியத்தில் கல்துகளும் கலந்துவிடும்; ஆகவே பண்டை மக்களின் பற்களில் மெல்லும் பரப்புத் தட்டையாகத் தேய்வது உலகெங்கும் காணப்படும் செய்தி. அக்காலத்தவர்க்கு உணவே பல்லைத் தேய்த்தது. இக்காலத்தவர்க்கோ, பல்லைத் துப்புரவு செய்யும் முயற்சியே பெரும்பாலும் அதனைத் தேய்க்கிறது. இவ்வுண்மையை 1907ஆம் ஆண்டிலேயே டபிள்யூ. டி. மில்லர் என்னும் அறிஞர், பல்லின்மேல் பற்பொடிகளைத் தேய்த்துச் சோதனை செய்து காட்டியிருக்கிறார்.

தமிழ்நாட்டில் உமிக்கரி, சாம்பல், செங்கல் தூள், உப்பு ஆகியவை மிஷ்ரியின் இடத்தை வகித்து வந்துள்ளன. இவற்றில் புகையிலை இல்லை என்பது ஆறுதலே. ஆனால் செங்கல் தூளின் சொரசொரப்பு எனாமலுக்குப் பகை. ஆலையும் வேலையும் புகழும் பழமொழியைத் தமிழர் யாவரும் அறிவர். குச்சியின் நுனியை நன்றாக மென்று, நார் மிருதுவான பின் மெல்லப் பயன்படுத்தினால் குற்றமில்லை; வன்மையாகக் குறுக்கே இழுத்தால் அதுவும் தேய்க்கும். தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற மாவட்டங்களில் ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடி நீரைப் பருகியதால் சிறுவர் பற்களில் பழுப்புக் கறை தோன்றுவதுண்டு. அது பல்லின் உள்ளேயே படிந்த கறை. தேய்த்துப் போக்க இயலாது. அதனை அழுக்கென்று எண்ணிக் கரடான பொடியால் தேய்ப்பதால், கறை நிற்க, எனாமலே போய்விடும்.

உரசலின்றி அமிலத்தாலும் பல் கரையும். வாயின் அமிலநிலை 5.5 என்ற அளவுக்குக் கீழே இறங்கும்பொழுது எனாமல் கனிமத்தை இழக்கத் தொடங்குகிறது. எலுமிச்சைச் சாற்றின் அளவு 2க்குச் சற்று மேல். கோலா பானங்களின் அளவு ஏறத்தாழ 2.5. குழம்பில் கரைந்து சோற்றோடு செல்லும் புளியால் அஞ்சத்தக்கதொன்றுமில்லை. பச்சைப் புளியை நெடுநேரம் வாயில் அடக்கிச் சப்புவதே தீது. அடிக்கடி எதுக்களிப்பு உடையவர்க்கு இரைப்பை அமிலமே பல்லை அரிக்கும். மின்கலத் தொழிலிலும் உலோக முலாம் பூசும் தொழிலிலும் அமில ஆவியிடையே உழைப்போர்க்கு முன்பற்களின் விளிம்பு கரைவதுண்டு. உதடு மூடாத பகுதியே முதலில் கெடும். பிரிட்டனில் இதுபற்றிய ஆய்வு 1947இல் வெளியாயிற்று. ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஏற்பாடே இதற்குத் தலையாய தடுப்பு.

தேய்வின் வடிவத்தைக் கொண்டு காரணத்தை ஓரளவு ஊகிக்கலாம். ஈறோரத்தில் ஆப்பு வடிவில் பள்ளம் இருப்பின் உரசலே காரணமாகலாம். வலக்கையால் வன்மையாகத் துலக்குவோர்க்கு இடப்பக்கப் பற்களில் அது மிகுந்திருக்கும். மேற்பரப்பு வழவழப்பாகிக் குழிந்து, முன்பு அடைத்த அடைப்பு மட்டும் மேடாக நிற்பின் அமிலத்தை ஐயுறலாம். மேற்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றோடொன்று பொருந்தும் தட்டையான தேய்வு, உறக்கத்தில் பல்லை நறநறவெனக் கடிப்போரிடம் காணப்படும். பெரும்பாலும் இவை கலந்தே வரும். முடிவு கூறுவது பல் மருத்துவரின் வேலை.

சிகிச்சையில் முதற்படி காரணத்தை நிறுத்துவது. அதனை விடுத்துப் பள்ளத்தை மட்டும் அடைத்தால் அடைப்பைச் சுற்றி மீண்டும் தேயும். கூச்சத்திற்கு ஃபுளோரைடு பற்பசையும், பொட்டாசியம் நைட்ரேட் கலந்த பற்பசையும் பயன்படும். ஆழ்ந்த பள்ளங்களைக் கண்ணாடி அயனோமர் என்னும் சிமெண்டாலோ பிசின் கலவையாலோ நிரப்புவர். பல் மிகக் குறுகிவிட்டால் உறை பொருத்துவர். இரவில் பல் கடிப்போர்க்குப் பற்களின்மேல் அணியும் காப்புறை உண்டு. புளிப்பு உண்டவுடன் வெறும் நீரால் வாய் கொப்பளிப்பது போதும். அப்பொழுதே துலக்குவது மென்மையுற்ற எனாமலை உரசுவதாகும்.

மிஷ்ரி தேய்க்கும் பெண்ணைச் சந்திக்கும் ஆஷா பணியாளர், முதலில் அவருடைய கூச்சத்திற்கு வழி காட்டுதல் நலம். மிருதுவான துலக்கியும் ஃபுளோரைடு பற்பசையும் சில வாரங்களில் கூச்சத்தைக் குறைத்துவிட்டால், மிஷ்ரியை மருந்தென்று நாடும் காரணம் தளரும். அதன்பின் எஞ்சுவது நிகோடின் பழக்கம். அதற்கு 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் ஆலோசனை பெறலாம். வாயில் வெண்மையாகவோ செம்மையாகவோ தடிப்பு இருந்தாலும், இரண்டு வாரத்தில் ஆறாத புண் இருந்தாலும், பல்லைப் பற்றிய பேச்சை ஒத்திவைத்து அவரை உடனே மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தல் வேண்டும்.