சந்தேகம் சாட்சியம் ஆகுமா?

“அவன்தாம்மா. நம்ம லோரோங் கடைசி வீட்டுப் பையன். என் கண்ணால பார்த்தேன்.”

கழுத்தில் சிவந்த கோடும் முழங்காலில் கட்டுமாக உட்கார்ந்திருந்த அம்மா இதைச் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. கூடவே பயமும் வந்தது. கோபம், மகளுக்கு வந்தது. பயம், இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் குற்றவியல் வழக்குகளில் வாதாடி வரும் வழக்கறிஞருக்கு வந்தது. ‘என் கண்ணால் பார்த்தேன்’ என்று உறுதியாகச் சொன்ன எத்தனையோ சாட்சிகளை நான் குறுக்கு விசாரணை செய்திருக்கிறேன். அவர்களில் பலர் பொய் சொல்லவில்லை. ஆனாலும் தவறாகச் சொன்னார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் கிள்ளானில் நடந்தது இது. காலை ஆறரை மணிக்குக் கோயிலுக்குப் புறப்பட்ட அம்மாவின் பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவன், அவர் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து இழுத்தான். அம்மா சாலையில் விழுந்தார். சங்கிலி போய்விட்டது. அப்பா வேலை ஓய்வு பெற்றபோது இபிஎஃப் பணத்தில் வாங்கிக் கொடுத்த சங்கிலி அது. அப்பா இப்போது இல்லை.

நான் போய்ச் சேர்வதற்குள் தாமான் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பையனின் படம் வந்துவிட்டது. ‘இவன்தான் சங்கிலித் திருடன், எல்லாருக்கும் அனுப்புங்கள்’ என்று கீழே எழுதியிருந்தது. அம்மாவும் அந்தப் படத்தைப் பார்த்திருந்தார்.

அன்று தொடங்கி அந்த வழக்கு முடியும்வரை நான் கற்றதும், தொழிலில் ஏற்கெனவே அறிந்திருந்ததும் நம் குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

திருட்டா, கொள்ளையா?

நாம் எல்லாவற்றையும் ‘திருட்டு’ என்கிறோம். சட்டம் பிரித்துப் பார்க்கிறது. ஒருவருடைய பொருளை அவர் சம்மதமின்றி நேர்மையற்ற எண்ணத்தோடு எடுத்துச் செல்வது திருட்டு. தண்டனைச் சட்டத்தின் 379ஆவது பிரிவின்படி ஏழு ஆண்டுகள் வரை சிறை கிடைக்கலாம். குடியிருக்கும் வீட்டில் திருடினால் 380ஆவது பிரிவின்படி பத்து ஆண்டுகள் வரை.

திருடுவதற்காகவோ, திருடிய பொருளோடு தப்புவதற்காகவோ ஒருவரைக் காயப்படுத்தினால், தடுத்து வைத்தால், உடனே காயப்படுத்துவேன் என்று அச்சுறுத்தினால் அது கொள்ளை. 392ஆவது பிரிவு பத்து ஆண்டுகள் வரை சிறை என்கிறது. அதே கொள்ளை சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும் நடந்தால் பதினான்கு ஆண்டுகள் வரை போகும், பிரம்படியும் உண்டு.

எனவே அம்மாவின் வழக்கில் இரண்டு விவரங்கள் முக்கியமாயின. ஒன்று, காயம். மருத்துவமனைக்குப் போய் மருத்துவரிடம் எல்லாக் காயங்களையும் காட்டிப் பதிவு செய்யச் சொன்னேன். ‘சிராய்ப்புதானே, மஞ்சள் பூசினால் போதும்’ என்றார் அம்மா. அந்தச் சிராய்ப்புதான் திருட்டைக் கொள்ளையாக்கும் சாட்சியம். இரண்டு, நேரம். தீபகற்ப மலேசியாவில் சூரியன் உதிக்க ஏழு மணியளவு ஆகும். ஆறரை என்பது இருட்டு. தடுப்புக் காவல் எத்தனை நாள் என்பதையும் இது மாற்றுகிறது. கைதானவரை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க மாஜிஸ்திரேட் அனுமதி வேண்டும். தண்டனை பதினான்கு ஆண்டுகளுக்குக் குறைவான குற்றமென்றால் மொத்தம் ஏழு நாள் வரைதான் அனுமதி. பதினான்கு ஆண்டுகளும் அதற்கு மேலும் என்றால் பதினான்கு நாள் வரை.

புகாரில் என்ன சொல்கிறோம்

காவல் நிலையத்தில் முதலில் கொடுக்கும் புகார் பல மாதங்களுக்குப் பிறகு நீதிமன்றத்தில் நம்மைத் தேடி வரும். புகாரில் கறுப்பு ஜாக்கெட், சாட்சிக் கூண்டில் நீல ஜாக்கெட் என்றால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் விடமாட்டார். நானும் விட்டதில்லை.

நம் பெரியவர்கள் தமிழில் சொல்வார்கள். புகார் மலாயில் பதிவாகும். இடையில் சில சொற்கள் தவறிப்போகும். கையெழுத்துப் போடுமுன் வாசித்துக் காட்டச் சொல்வதில் தவறில்லை. அம்மா “கடைசி வீட்டுப் பையன்” என்று தொடங்கியதும் விசாரணை அதிகாரியான இன்ஸ்பெக்டர் நிறுத்தினார். “அம்மா, நீங்கள் என்ன பார்த்தீர்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள். யார் என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.” அந்த ஒரு வாக்கியத்துக்காக அவரை இன்றும் மதிக்கிறேன்.

அம்மா உண்மையில் பார்த்தது என்ன? மோட்டார் ஓட்டியவனின் முதுகு. சிவப்பு மோட்டார். முகத்தை மூடிய தலைக்கவசம். கடைசி வீட்டுப் பையனிடமும் சிவப்பு மோட்டார் இருந்தது. பள்ளி நாட்களில் ஒரு சண்டையில் மாட்டியிருந்தான். மீதியை அம்மாவின் மனம் நிரப்பிக்கொண்டது.

கண்கண்ட சாட்சி

நேரில் பார்த்தவர் சொல்வது நேரடிச் சாட்சியம். ஒரு குற்றத்தை நிரூபிக்க இத்தனை சாட்சிகள் வேண்டும் என்று நமது 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டம் கணக்கு எதுவும் வைக்கவில்லை. நம்பத்தகுந்த ஒருவரே போதும். அதனால்தான் அந்த ஒருவர் தவறினால் ஆபத்து பெரிது.

1976ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் டர்ன்புல் வழக்கில் ஆள் அடையாளம் பற்றிச் சில கேள்விகளை வகுத்தது. நம் நாட்டு நீதிமன்றங்களும் அதைப் பின்பற்றுகின்றன. எவ்வளவு நேரம் பார்த்தீர்கள்? எவ்வளவு தூரத்தில்? வெளிச்சம் எப்படி? இடையில் ஏதாவது மறைத்ததா? அவரை முன்பே தெரியுமா? பார்த்ததற்கும் போலீசிடம் அடையாளம் காட்டியதற்கும் இடையே எத்தனை நாள்? முதலில் சொன்ன வர்ணனைக்கும் ஆளுக்கும் வேறுபாடு உண்டா? அம்மாவிடம் இவற்றைக் கேட்டிருந்தால் முதல் மூன்றிலேயே தடுமாறியிருப்பார்.

சந்தேக நபரை, அவரைப் போன்ற தோற்றமுள்ள பலரோடு நிறுத்தி அடையாளம் காட்டச் சொல்வது அடையாள அணிவகுப்பு. அதற்கு முன்பே அந்த நபரின் படத்தைச் சாட்சி பார்த்துவிட்டால் அணிவகுப்புக்கு மதிப்பு குறைந்துபோகும். சாட்சி அடையாளம் காட்டுவது சாலையில் பார்த்த முகத்தையா, கைப்பேசியில் பார்த்த முகத்தையா என்ற கேள்வி எழும். உண்மையான திருடனின் படமாகவே இருந்தாலும், அதைப் பரப்புகிறவர்கள் அவன் தப்பிக்க வழி செய்து கொடுக்கிறார்கள்.

மறைக்காணிப் பதிவு

தெருமுனை மளிகைக்கடையில் மறைக்காணி இருந்தது. நான் அன்றே போய்க் கேட்டேன். பல கடைகளில் சில வாரங்களிலேயே, சில இடங்களில் சில நாட்களிலேயே, பழைய பதிவின் மேல் புதிய பதிவு ஏறிவிடும். கடைக்காரர் நல்லவர், போலீஸ் வரும்வரை அழியாமல் பார்த்துக்கொண்டார்.

நான் அதைக் கைப்பேசியில் படம்பிடித்து வைத்துக்கொள்ளவில்லை. மூலப் பதிவை எடுத்தது யார், எப்போது எடுத்தார், யார் கைக்குக் கொடுத்தார், எங்கே பூட்டி வைத்தார்கள் என்ற வரிசையில் இடைவெளி இருக்கக் கூடாது. கணினி வழி உருவான பதிவுகளை ஏற்பதற்குச் சாட்சியச் சட்டத்தில் 90ஏ என்ற தனிப் பிரிவே உண்டு. அந்தக் கருவிக்குப் பொறுப்பானவரின் சான்றிதழைக் கொண்டு நிரூபிக்கலாம்.

பதிவில் முகம் தெரியவில்லை. மோட்டாரின் பதிவு எண்ணில் கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டும் தெரிந்தன. திரையில் காட்டிய நேரம் உண்மையான நேரத்தைவிடச் சில நிமிடங்கள் முந்தியிருந்தது. இன்ஸ்பெக்டர் தம் கடிகாரத்தோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொண்டார். அந்தச் சில நிமிடங்கள் ஒருவரின் தலையெழுத்தையே மாற்றலாம்.

கைரேகையும் ரத்தத்துளியும்

சங்கிலிப் பறிப்பில் கைரேகை கிடைப்பது அரிது. வீடு புகுந்து திருடும் வழக்குகளில் அதுதான் பெரும் துணை. கண்ணாடி, வர்ணமடித்த கதவு, நகைப்பெட்டி போன்ற வழவழப்பான பரப்புகளில் ரேகை நன்றாகப் பதியும்.

இதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1902ஆம் ஆண்டு லண்டனில் ஒரு வீட்டில் பில்லியர்ட்ஸ் பந்துகளைத் திருடியவர், புதிதாக வர்ணமடித்த ஜன்னல் விளிம்பில் இடது கட்டைவிரல் ரேகையை விட்டுச் சென்றார். அதைக் கொண்டே ஏழு ஆண்டுகள் சிறைக்குப் போனார். அதற்கு முன்பே, வங்காளத்தின் ஜல்பைகுரியில் தேயிலைத் தோட்ட மேலாளர் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கில், பஞ்சாங்கம் ஒன்றின் மேல் இருந்த ரத்தக் கறை படிந்த விரல் ரேகை ஒரு முன்னாள் வேலைக்காரனைக் காட்டிக் கொடுத்தது. 1898இல் நீதிமன்றம் அவனைத் திருட்டுக்காகத் தண்டித்தது; கொலைக்காகத் தண்டிக்கவில்லை. ரேகை அவன் அங்கே இருந்ததைக் காட்டியதே தவிர, கொன்றதை யாரும் பார்க்கவில்லை. எந்தச் சாட்சியமானாலும் அது சொல்வதற்கு ஓர் எல்லை உண்டு.

உடைந்த கண்ணாடியில் ஒரு துளி ரத்தம் இருந்தால் டிஎன்ஏ பரிசோதனை செய்யலாம். நம் நாட்டில் இதற்கென 2009ஆம் ஆண்டு டிஎன்ஏ அடையாளச் சட்டமே உள்ளது. ஆனால் போலீஸ் வருமுன் நம் வீட்டுப் பெண்கள் கூட்டித் துடைத்துவிடுகிறார்கள். போலீஸ்காரர்கள் வரும்போது வீடு அலங்கோலமாக இருந்தால் அவமானம் என்ற எண்ணம். அன்று ஒரு நாள் வீடு அப்படியே கிடக்கட்டும்.

பொருளே பேசும்

அம்மாவின் வழக்கை முடித்தது எந்தக் கண்ணும் இல்லை; ஒரு ரசீது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் சங்கிலி அறுந்தபோது ஜாலான் தெங்கு கிளானாவில் ஒரு பத்தரிடம் பற்றவைத்திருந்தார். எடையும், கொக்கியிலிருந்து எத்தனையாவது கண்ணியில் பற்றவைத்தது என்பதும் ரசீதில் இருந்தன. அம்மா அதைப் பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார்.

சில வாரங்கள் கழித்து வேறொரு பகுதியில் சங்கிலி பறித்த ஒருவன் பிடிபட்டான். அவன் மோட்டாரின் கடைசி இரண்டு இலக்கங்களும் பொருந்தின. விசாரணையில் அவன் சொன்ன தகவலை வைத்துப் போலீஸ் அவன் அறையிலிருந்து ஓர் அடகுச் சீட்டையும், அதைக் கொண்டு அடகுக் கடையிலிருந்து சங்கிலியையும் மீட்டது. எடை பொருந்தியது. பற்றவைத்த கண்ணியும் அதே இடத்தில் இருந்தது.

போலீசிடம் ‘நான்தான் செய்தேன்’ என்று ஒருவர் சொல்லிவிட்டால் வழக்கு முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. அந்த வாக்குமூலத்தை அரசுத் தரப்பு பொதுவாக அவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. ஆனால் அவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு தொடர்புள்ள பகுதியைச் சாட்சியச் சட்டத்தின் 27ஆவது பிரிவு ஏற்கிறது. திருட்டு நடந்த சிறிது காலத்திலேயே அந்தப் பொருள் ஒருவரிடம் இருந்து, அது எப்படி வந்தது என்று அவரால் சொல்ல முடியாவிட்டால், அவரே திருடினார் அல்லது திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கினார் என்று நீதிமன்றம் ஊகிக்கலாம் என்கிறது 114ஆவது பிரிவு. தெரிந்தே வாங்குவதும் 411ஆவது பிரிவின்படி குற்றம். பாதி விலைக்குக் கிடைக்கும் கைப்பேசியை ரசீதில்லாமல் வாங்குவோர் இதை நினைவில் வைக்கவேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

* நகைகளை இரண்டு பக்கமும் படமெடுத்து, ரசீதுகளோடு வையுங்கள். கைப்பேசியின் ஐஎம்இஐ எண், மோட்டாரின் சேஸிஸ் எண் ஆகியவற்றைத் தனியே எழுதி வையுங்கள்.

* சம்பவம் நடந்ததும் நேரம், இடம், பார்த்தவை எல்லாவற்றையும் மறக்குமுன் குறித்துக்கொள்ளுங்கள். ஊகத்தைச் சேர்க்காதீர்கள்.

* காயம் சிறிதானாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். கிழிந்த துணியைத் துவைக்காமல் போலீசிடம் கொடுங்கள்.

* மறைக்காணி உள்ள கடைகளையும் வீடுகளையும் அன்றே விசாரணை அதிகாரியிடம் சொல்லுங்கள்.

* கைது செய்யத்தக்க குற்றங்களில், புகார் கொடுத்து நான்கு வாரங்கள் கடந்தபின் விசாரணை எந்த நிலையில் உள்ளது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஏ பிரிவின்படி இரண்டு வாரங்களுக்குள் பதில் தர வேண்டும்.

* சந்தேக நபரின் படத்தைப் போலீசிடம் கொடுங்கள். குழுக்களில் போடாதீர்கள்.

கடைசி வீடு

பிடிபட்டவன் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டான். சான்றுப்பொருளாக இருந்த சங்கிலி வழக்கு முடிந்த பிறகு அம்மாவிடம் வந்தது.

ஆனால் அதற்கு முன்பே கடைசி வீட்டுப் பையன் மூன்று நாள் தடுப்புக் காவலில் இருந்துவிட்டு வந்திருந்தான். தாமானில் பலர் அவன் பெயரைச் சொல்லியிருந்தார்கள். படமும் எங்கெங்கோ போயிருந்தது. அவன் இரவு வேலை பார்த்த தொழிற்சாலையில், அன்று காலை ஏழு மணிக்குப் பிறகே அட்டையைத் தட்டி வெளியேறியதாகப் பதிவு இருந்தது. அந்தப் பதிவுதான் அவனைக் காப்பாற்றியது. ஒப்பந்த வேலை என்பதால் அந்த மூன்று நாளில் வேலை போயிருந்தது.

சங்கிலி கிடைத்த வாரம் அம்மா என்னை அழைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார். பையன் ஜோகூரில் வேலைக்குப் போய்விட்டான் என்றார் அவன் தாயார். எங்களை உட்காரச் சொன்னார். தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார். “நான் முகத்தைப் பார்க்கலம்மா. பார்த்ததா சொல்லிட்டேன்” என்றார் அம்மா. அந்த அக்கா பதில் சொல்லவில்லை. நாங்கள் எழுந்து வரும்போது கேட்டைத் திறந்துவிட்டு, “குழுவில அதையும் எழுதச் சொல்லுங்க” என்றார்.

அன்றிரவே எழுதினேன். அம்மா சொல்லச் சொல்ல, அம்மா பெயரிலேயே.