சுவர் பேசிவிட்டது, மக்கள் பேசுவது எப்போது?

தோழர்களே! தாம்பரம் நிலையத்தில் மின்சார ரயிலை விட்டிறங்கி, வேளச்சேரி சாலையில் சென்று பாருங்கள். சேலையூர் வரும், மேடவாக்கம் வரும், பள்ளிக்கரணை வரும். நாணலும் நீரும் நிறைந்த சதுப்பு நிலத்தைக் கடந்து துரைப்பாக்கம் பக்கம் திரும்பினால், ஒரே அச்சில் வார்த்தாற்போல் வரிசை வரிசையாகக் குடியிருப்புகள். அதுதான் கண்ணகி நகர்!

பெயரைப் பாருங்கள் – கண்ணகி! புகாரிலே பிறந்தவள். பிழைக்க வழி தேடிக் கணவனோடு மதுரைக்கு நடந்தவள். வந்த ஊரில் அவள் கணவன்மீது திருட்டுப்பழி விழுந்தது, தலையும் விழுந்தது. மூலையில் முடங்கி அழுதாளா? தனக்காகப் பேச வேறொருவரை அனுப்பினாளா? இல்லை! தானே சென்றாள், தன் கதையைத் தானே சொன்னாள். அரியணை அதிர்ந்தது!

அவள் பெயரைத் தாங்கிய நகரின் கதை என்ன?

2000-ஆம் ஆண்டில், குடிசை மாற்று வாரியம் அங்கே வீடுகளைத் தரத் தொடங்கியது. சென்னையின் ஆற்றங்கரைகளிலும் கால்வாய் ஓரங்களிலும் வாழ்ந்தவர்கள் அங்கே பெயர்த்து நடப்பட்டனர். 2004-இல் ஆழிப்பேரலைக்கு வீட்டைப் பறிகொடுத்தோரிலும் சிலர் வந்து சேர்ந்தனர். இன்று வீடுகள் 15,000-க்கும் மேல்.

கூரை கிடைத்தது; மறுக்கவில்லை நாம். ஆனால் வேலை? அது பழைய இடத்திலேயே நின்றுவிட்டது! பேருந்தும், பள்ளியும், மருத்துவ வசதியும் மெல்ல மெல்ல வந்தன. பழி மட்டும் விரைந்து வந்தது! எவனோ செய்த குற்றத்திற்கு ஊரே குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டது. "கண்ணகி நகரா?" என்று புருவத்தை உயர்த்தினர். வேலை தேடிச் சென்ற இளைஞன், முகவரியில் 'துரைப்பாக்கம்' என்று மட்டும் எழுதக் கற்றுக்கொண்டான். வாழும் ஊரின் பெயரை மறைத்தால்தான் வயிற்றுக்கு வழி என்றால், அதைவிடக் கொடுமை வேறென்ன இருக்கிறது?

2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஓவியர்கள் வந்தனர். 'ஸ்டார்ட் இந்தியா' அறக்கட்டளையும், ஏசியன் பெயின்ட்ஸ் நிறுவனமும், சென்னை மாநகராட்சியும் கைகோத்த முயற்சி அது. உள்நாட்டு ஓவியரும் வெளிநாட்டு ஓவியரும் உயரே ஏறி நின்று பெருஞ்சுவர்களில் வண்ணம் தீட்டினர். சிரிக்கும் பிள்ளைகளின் முகங்கள் சுவரளவு வளர்ந்தன. அதுவரை எட்டிப் பாராதவர்கள் படம் பிடிக்க ஓடி வந்தனர்.

"வயிற்றுக்கே வழி தேடுபவனுக்கு வண்ணம் ஒரு கேடா?" என்பர் சிலர். அந்தக் கூட்டத்திலே நாம் இல்லை! கோயில் கட்டிய மன்னனின் பெயர் கல்லிலே இருக்கிறது; கல் சுமந்தவனின் பெயர் எங்கே இருக்கிறது? காலமெல்லாம் சுவரைக் கட்டியவனின் பிள்ளைக்கு, சுவரிலே இடம் கிடைத்திருக்கிறது. அது சிறிய செய்தியல்ல!

ஆனால், தோழர்களே, வண்ணம் வெயிலில் வெளுக்கும், மழையில் கரையும். அதைவிடப் பெரிய உண்மை – சுவரில் இருப்பது ஓவியன் கண்ட கண்ணகி நகர். அங்கே வாழ்பவன் கண்ட கண்ணகி நகரை எவர் தீட்டுவது?

பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர், ஆல்காட் குப்பங்களில் 2015-இல் ஒரு கலை விழா தொடங்கியது. இசைவாணர் டி.எம். கிருஷ்ணா, எழுத்தாளர் நித்தியானந்த் ஜெயராமன் போன்றோர் முனைந்தனர். மீனவர்கள் தோள் கொடுத்தனர். கர்நாடக இசை குப்பத்துக்கு வந்தது. பறையும் அந்த விழாவிலே முழங்கியது. பின்னாளில் 'சென்னை கலைத் தெரு விழா' என்று அது பெயர் பெற்றது. அங்கே மீனவன் விருந்துக்கு வந்தவனல்ல, விருந்து வைத்தவன்!

நாம் சொல்ல வருவது இதுதான். கதை சொல்லப் பட்டம் வேண்டாம், பணம் வேண்டாம். தாம்பரம் முதல் துரைப்பாக்கம் வரை நமக்குப் படிப்பகங்கள் இல்லையா? தேநீர்க் கடை பெஞ்சுகள் இல்லையா? மாதம் ஒரு மாலை, மூத்தவர்களை அழைத்து உட்கார வையுங்கள். "லாரியில் ஏற்றியது எதை? விட்டுவிட்டு வந்தது எதை? முதல் இரவில் விளக்கு எரிந்ததா? வேலைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள்?" என்று கேளுங்கள். தாய்மார்களிடம் முதலில் கேளுங்கள். தண்ணீருக்குக் குடம் தூக்கியவர்கள் அவர்கள்தான். சொல்வதைச் சொன்னபடியே ஓர் இளைஞன் நோட்டுப் புத்தகத்தில் எழுதட்டும். எழுதியதைப் பிள்ளைகள் நாடகமாக்கித் தெருவிலே நடிக்கட்டும். மேடை சிறிதானால் என்ன? நம் கதை பெரிது!

ஊர்ப் பெயரைச் சொல்ல அஞ்சவேண்டாம் என்பதற்குச் சான்றும் இருக்கிறது. 2025 அக்டோபரில், பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில், இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அணியின் துணைத் தலைவி இந்த நகரின் மகள். 'கண்ணகி நகர் கார்த்திகா' என்றே தமிழ்நாடு அவரைக் கொண்டாடியது. மறைத்து எழுதிய முகவரி, மகுடமாக ஏறியது!

ஒருத்தி களத்தில் பேசிவிட்டாள். சுவர் வண்ணத்தில் பேசிவிட்டது. மிச்சமிருப்பவர்கள் ஆயிரமாயிரம் பேர். சிலம்பை எடுத்துக்கொண்டு அவையேறிய பெண்ணின் பெயரைத் தாங்கியவர்கள் அவர்கள். அவர்கள் பேசட்டும், நாம் கேட்போம்!