பூனைகளில் டாரின் குறைபாடு
டாரின் குறைபாடு என்பது உணவில் டாரின் என்னும் அமினோ அமிலம் போதாமையால் பூனைகளுக்கு ஏற்படும் நோய்நிலை ஆகும். பூனையின் உடலால் இதனைத் தேவையான அளவு உருவாக்க இயலாது. இறைச்சி, மீன் ஆகியவற்றிலிருந்தே பெறுகிறது.

இக்குறைபாட்டால் விழித்திரை சிதைவது 1975 இலும், இதயத் தசை நலிந்து இதயம் விரிவடைவது 1987 இலும் ஆய்வாளர்களால் அறிவிக்கப்பட்டன. அறிகுறிகள் தெரியப் பல மாதங்கள் ஆகலாம். டாரின் கொடுத்தால் இதயம் தேற வாய்ப்புண்டு. இழந்த பார்வை மீளாது.

டாரின் நீரில் கரையக்கூடியது. இறைச்சியை வேகவைத்த நீரைக் கொட்டிவிட்டால் அதில் கரைந்த டாரினும் வீணாகிறது. ஆகவே வீட்டில் சமைத்த இறைச்சியை மட்டும் உண்ணும் பூனைகளுக்கு அந்நீருடன், டாரின் தூளும் உணவில் கலந்து கொடுக்கப்படுகிறது. எலும்பில்லா இறைச்சியில் கால்சியம் மிகக் குறைவு என்பதால் அதுவும் சேர்க்கப்படுகிறது. இவற்றின் அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டறிவது நல்லது.