டியூபை மாற்றுவதற்கு முன் கெபாசிட்டரைப் பாருங்கள்

டியூப் பஃபர் வாங்கியவர்கள் அடுத்த வாரமே கேட்கிற கேள்வி, "எந்த டியூப் போட்டா நல்லா இருக்கும்?" என்பதுதான். இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஆலையில் செய்த பழைய மல்லார்டு டியூபுக்காகப் பெட்டியின் விலையையே கொடுக்கவும் தயாராக இருக்கிறார்கள். சுருக்கமான பதில்: டியூபைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். ஏன் என்று சொல்கிறேன், நீங்கள் டீயைக் குடியுங்கள்.

பஃபர் சத்தத்தைக் கூட்டாது. ஒரு வோல்ட் உள்ளே போனால் அதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் வெளியே வரும். முன்னால் இருக்கும் கருவிக்குப் பளு தெரியாமல் சிக்னலை வாங்கி, பின்னால் இருக்கும் ஆம்ப்ளிஃபயருக்குத் தெம்பாகக் கொடுப்பதுதான் அதன் வேலை. 12ஏயு7 டியூபைக் கேத்தோடு ஃபாலோயராக இணைத்தால் வெளியீட்டு மின்மறுப்பு சில நூறு ஓம் அளவுக்கு இறங்கிவிடும். உங்கள் சிடி பிளேயரின் வெளியீடு ஏற்கெனவே நூறு ஓம்தான் என்றால், பஃபர் கூடுதலாகச் செய்ய ஒன்றும் இல்லை. டியூப் சேர்க்கும் லேசான திரிபு உங்கள் காதுக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். அதில் தப்பும் இல்லை.

மூடியைத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது ஒலி சம்பந்தப்பட்டதே அல்ல. உள்ளே 250 வோல்ட் டிசி இருக்கலாம். பிளக்கைப் பிடுங்கினாலும் ஃபில்டர் கெபாசிட்டர் அதைப் பிடித்து வைத்திருக்கும். அதன் இரு முனைக்கும் குறுக்கே ஒரு ப்ளீடர் ரெசிஸ்டர் இருக்கிறதா பாருங்கள். 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டருக்கு 220 கிலோ ஓம் போட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் 2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிடும். இல்லையென்றால் உங்கள் முதல் மாற்றம் அதுதான். அந்த ரெசிஸ்டரில் கால் வாட்டுக்கு மேல் சூடு பிறக்கும். ஒரு வாட்டாகவே வாங்குங்கள். அது இருந்தாலும், கை வைப்பதற்கு முன் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருவோம். டியூபிலிருந்து வெளியே போகும் வழியில் நிற்கிற கப்ளிங் கெபாசிட்டர்தான் காசு கொடுத்ததற்குப் பலன் தெரியும் இடம். டிசியை மறித்து ஒலியை மட்டும் விடுவது அதன் பொறுப்பு. அதில் 0.22 மைக்ரோஃபாரட் போட்டிருக்கிறார்கள் என்று வையுங்கள். ஆம்ப்ளிஃபயரின் உள்ளீடு 100 கிலோ ஓம் என்றால் 7 ஹெர்ட்ஸ் வரை தாராளமாக இறங்கும். அதே பெட்டியை 10 கிலோ ஓம் உள்ளீடு கொண்ட ஆம்ப்ளிஃபயரில் மாட்டினால் 72 ஹெர்ட்ஸிலேயே பேஸ் சரியத் தொடங்கிவிடும். "டியூப் சவுண்டே மெலிசா இருக்கு" என்று பழி டியூப் மேல் விழுவது இப்படித்தான். 2.2 மைக்ரோஃபாரட், 400 வோல்ட் பாலிப்ரோப்பிலீன் ஒன்று போட்டால் பழைய 7 ஹெர்ட்ஸ் திரும்பக் கிடைத்துவிடும். எண்ணெயில் ஊறிய காகிதக் கெபாசிட்டருக்கு ஆயிரக்கணக்கில் கொட்டுவது அவரவர் ஆசை, நான் கொட்டமாட்டேன். அதற்காக 10, 20 என்று ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். ஸ்விட்ச் போடும்போது வரும் 'டம்' சத்தம் நீளும்.

பவர் சப்ளையில் உப்பிய, கசிந்த எலக்ட்ரோலைட்டிக்குகளை மாற்றுங்கள். 105 டிகிரி வகை வாங்குங்கள். டியூபின் சூட்டுக்குப் பக்கத்திலேயே அவை காலம் தள்ள வேண்டும். வோல்ட் அளவைக் குறைத்து வாங்கவே கூடாது. டியூப் சூடாகும் வரை மின்னோட்டம் இழுக்க ஆள் இல்லாததால் வோல்ட்டேஜ் வழக்கத்தைவிட மேலே ஏறி நிற்கும். முதல் கெபாசிட்டரை 47-லிருந்து 470 ஆக்கினால் 'ஹம்' குறையலாம், ஆனால் டயோடும் டிரான்ஸ்ஃபார்மரும் திணறும். ரெசிஸ்டர்கள்? மெட்டல் ஃபிலிம் போடுங்கள், அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

கடைசியாக டியூப். 12ஏயு7-க்குப் பதில் இசிசி82 போடலாம், இரண்டும் ஒன்றே. 12ஏஎக்ஸ்7 அதே சாக்கெட்டில் உட்காரும், ஒளிரும், பாடவும் செய்யும். ஆனால் அது தரக்கூடிய மின்னோட்டம் மிகக் குறைவு, இந்த வேலைக்கு ஆகாது. 6டிஜே8-க்கும் அதே ஒன்பது கால்தான். ஆனால் ஹீட்டர் இணைப்பு வேறு: 4, 5 கால்களுக்கிடையே 12.6 வோல்ட் வரும் சாக்கெட்டில் அதைச் செருகினால் 6.3 வோல்ட் ஹீட்டர் கருகிவிடும். இன்னொன்று, சில மலிவுப் பெட்டிகளில் டியூபுக்கு அடியில் ஒரு எல்இடி ஒளிந்திருக்கும். அந்த ஆரஞ்சு வெளிச்சத்தை நம்பி டியூப் நன்றாக வேலை செய்கிறது என்று முடிவு கட்டாதீர்கள்.

மாற்றிய பாகம் பயன் தந்ததா என்று பார்க்க ஒரு வழி: ஒரு சேனலில் மட்டும் மாற்றிவிட்டு மோனோ பாட்டு ஒன்றைப் போடுங்கள். இடது, வலது என்று மாறி மாறிக் கேளுங்கள். எது மாற்றியது, எது பழையது என்று வீட்டில் வேறு யாராலும் சொல்ல முடியவில்லை என்றால், அடுத்த சேனலுக்குக் காசு செலவழிக்காதீர்கள்.