91 சக்கரங்களின் ஒண்டுக்குடித்தனம்

பாகலூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கோயில் திருவிழாக்களில் ஆர்கெஸ்ட்ராவுக்குக் கீபோர்டு வாசிப்பவர். "என் கீபோர்டில் ஆர்கன் என்ற பெயரில் பத்துப் பன்னிரண்டு டோன் இருக்கிறது. ஒன்றுகூடப் பழைய ஆர்கன் மாதிரி இல்லையே, ஏன்? விலை கூடின மாடல் வாங்கினால் வருமா?"

இரண்டாவது கேள்விக்கு விளம்பரங்கள் "வரும், வரும்" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கின்றன. முதல் கேள்விதான் சுவையானது.

வரலாற்றை ஒரே பத்தியில் முடித்துவிடலாம். சிகாகோவில் மின்கடிகாரம் செய்துகொண்டிருந்த லாரன்ஸ் ஹாமண்ட் 1935இல் ஓர் ஆர்கனை விற்பனைக்குக் கொண்டுவந்தார். தேவாலயங்களின் பெரிய குழல் ஆர்கனுக்கு இது நிகர் என்று அவர் நிறுவனம் விளம்பரம் செய்ய, அமெரிக்க வர்த்தக ஆணையம் தலையிட்டு அந்தப் பேச்சை நிறுத்தச் சொன்னது. 'அசலை வெல்லும் ஒலி' என்ற வியாபாரத்துக்கு அவ்வளவு வயது. 1970களின் நடுவில் சக்கரம் வைத்த ஹாமண்டின் உற்பத்தியே நின்றுபோனது.

ஆம், சக்கரம். டைட்டன் கடிகாரங்கள் தயாராகும் ஓசூரில், சிப்காட் பட்டறையில் பல்சக்கரம் வெட்டிப் பழகியவர் யாராவது அந்த ஆர்கனின் முதுகுப் பலகையைக் கழற்றிப் பார்த்தால், இசைக்கருவி என்றே நம்ப மாட்டார். ஒரு மோட்டார், ஒரு நீண்ட தண்டு, அதிலிருந்து சுழலும் 91 எஃகு வட்டுகள். ஒவ்வொரு வட்டின் விளிம்பிலும் மேடு பள்ளங்கள். எதிரே கம்பிச்சுருள் சுற்றிய காந்தம். தண்டு நொடிக்கு 20 முறை சுற்றுகிறது. 88 பல் சக்கரம் 64 பல் சக்கரத்தைத் தள்ளினால், வட்டுக்கு நொடிக்கு 27.5 சுற்று. விளிம்பில் 16 மேடுகள் இருந்தால் 440 ஹெர்ட்ஸ். சுருதி சேர்த்தாகிவிட்டது!

ஆனால் ஒரு வட்டின் ஒலி வெறும் ஊதல். அதில் கனம் இல்லை. கனம் தருவது மேற்சுரங்கள், அதாவது அடிச்சுரத்தைப்போல் இரண்டு, மூன்று மடங்கு என்று வேகமாக அதிரும் சுரங்கள். டிராபார் எனும் ஒன்பது இழுப்புப் பட்டைகளால் அவற்றை வேண்டிய அளவு கலந்துகொள்ளலாம். மேற்சுரத்துக்கென்று தனி வட்டு வைத்தால் செலவு என்பதால், கஞ்சத்தனமாக ஒரு வேலை செய்தார் ஹாமண்ட். ஒரு கட்டையின் மேற்சுரம் இன்னொரு கட்டையின் வட்டிலிருந்தே கடனாக வரும்.

ஒண்டுக்குடித்தனம்தான் இது. 440 வீட்டு அம்மாவுக்கு ஐந்து மடங்கு, அதாவது 2200 ஹெர்ட்ஸ் வேண்டும். தன் வீட்டில் இல்லை. காந்தாரத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். அங்கே கிடைப்பது சுமார் 2217. கொஞ்சம் காரம் தூக்கல். ஆனாலும் அதைப் போட்டுத்தான் குழம்பு. இரண்டு வீட்டார் ஒரே நேரத்தில் அதே கதவைத் தட்டினால் இருவருக்கும் முழுப் பங்கு கிடைக்காது. சுவர் மெல்லிசு என்பதால் பக்கத்து வீட்டுத் தாளிப்பின் வாசனை கேட்காமலே வந்து சேரும். அடுப்பை யாரும் அணைப்பதே இல்லை. வட்டுகள் சதா சுழல்கின்றன, நாம் கட்டையை அழுத்தும்போது கதவு மட்டும் திறக்கிறது. வீட்டுக்காரர் மோட்டார். 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குச் செய்த ஆர்கனை நம் 50 ஹெர்ட்ஸில் அப்படியே செருகினால் அவர் சோர்ந்துபோவார். எல்லா வீட்டுக் குழம்பின் சுருதியும் ஒன்றரைக் கட்டை இறங்கிவிடும்.

இப்போது வாசகரின் கீபோர்டுக்கு வருவோம். அதில் இருப்பது பெரும்பாலும் கட்டை கட்டையாகப் பதிந்து வைத்த ஒலி. பதிவு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அதில் கொடுக்கல் வாங்கல் கிடையாது. ஒவ்வொரு கட்டையும் தன் ஒலியோடு தனியே நிற்கும். எத்தனை முறை தட்டினாலும் ஒரே இடத்தில் தொடங்கும். மாறாக, ஒலியை விட்டுவிட்டு இயந்திரத்தையே கணக்காக எழுதுகிற கீபோர்டுகள் இருக்கின்றன. ஓயாமல் ஓடும் 91 சைன் அலைகள், அவற்றின் பங்கீடு, கசிவு, கட்டையின் தொடுமுனை எழுப்பும் 'கிளிக்' எல்லாம் அதில் அடக்கம். அந்தக் கிளிக்கைக் குறையென்று பொறியாளர்கள் ஒழிக்கப் பார்த்தார்கள், வாசிப்பவர்கள் விடவில்லை.

வாசகர் சொல்லும் 'பழைய ஆர்கன்' சினிமாப் பாட்டில் கேட்டதென்றால், ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். நம் 1970களின் படப்பாடல்களில் கேட்பது பெரும்பாலும் ஹாமண்ட் அல்ல, டிரான்சிஸ்டர் காம்போ ஆர்கன். இசையமைப்பாளர் ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்த நாட்களில் இளையராஜாவும் ஆர்கன் வாசித்தவரே. காம்போ ஆர்கன்கள் பலவற்றில் பன்னிரண்டு சுரங்களை மட்டும் உச்ச ஸ்தாயியில் பிறப்பித்து, இரண்டு இரண்டாக வகுத்துக் கீழ் ஸ்தாயிகளுக்கு அனுப்புவார்கள். அதனால் ஹாமண்ட் டோனில் அந்தப் பாடல்களைத் தேடினால் கிடைக்காது.

விலை? 91 சைன் அலைகளைக் கணக்கிடுவது இன்றைய சிப்புக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆகவே பெங்களூரில் கடை ஏறும்போது பதிந்த ஒலியின் ஜிகாபைட் கணக்கைக் காதில் வாங்காதீர்கள். ஒரே கட்டையைப் பத்து முறை தட்டுங்கள். கிளிக் கொஞ்சம் கொஞ்சம் மாற வேண்டும். ஹாமண்டோடு இணைத்து வாசிக்கும் சுழல் ஸ்பீக்கர் லெஸ்லி. கீபோர்டில் அதைப்போல ஒலிக்கும் எஃபெக்டின் வேகத்தை மாற்றுங்கள். மேலே உள்ள கொம்பு சட்டென்று வேகமெடுக்க, கீழே உள்ள கனத்த உருளை பின்தங்கி வர வேண்டும். இரண்டும் சேர்ந்தே மாறினால் பணத்தை மடியிலேயே வைத்திருங்கள். அதற்கும் முன்னால், இருக்கும் கீபோர்டிலேயே டச் சென்சிடிவிட்டியை அணைத்துவிட்டு, வால்யூம் பெடலால் ஏற்றி இறக்கி வாசித்துப் பாருங்கள். ஹாமண்டுக்கு விரலின் அழுத்தம் தெரியாது. பாதி ஆர்கன் அதிலேயே வந்துவிடும், காசில்லாமல்.